இரண்டு சாவிக் கதவு

கொடி தைக்கிறவளுக்கு எல்லா நாடும் ஒன்றுதான். எந்த நாட்டுக் கொடியானாலும் காற்றடித்தால் முதலில் பிரிவது ஓரத் தையல். கப்பல் கட்டும் தளத்தில் கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு தையல் மெஷின், துணிக் கட்டுகள், இவள். யார்டு முழுக்க அவளைக் கொடிக்காரி என்றுதான் கூப்பிடும். அவள் வீட்டுக்காரர் அதே யார்டில் பெயிண்டர். கல்யாணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கும் யார்டு வழக்கம் தொற்றிக்கொண்டது. வீட்டிலும் கொடிக்காரிதான்.

அந்த யார்டில் ஓர் ஆணையம் இருந்தது. 'இரு நாட்டுக் கடற்படைத் தொழில் ஒத்துழைப்பு வாய்ப்புகள் ஆணையம்' என்று பெயர். பெயர்ப் பலகை வாசலைவிட அகலமாகப் போய்விட்டதால் வாசலை இடித்து அகலப்படுத்தினார்கள். இந்த நாடும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நட்பு நாடும் சேர்ந்து போர்க்கப்பல் கட்டுவதற்கு வாய்ப்பு எப்படி இருக்கிறது என்று ஆராய்வதுதான் அதன் வேலை. ஆணையத்தின் தலைவர் வருடா வருடம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, "வாய்ப்புகள் பிரகாசமாக உள்ளன" என்று அறிவிப்பார். அடுத்த வருடமும் ஆராய்வார். யார்டில் அவருக்குப் பிரகாசம் என்றே பெயர் விழுந்துவிட்டது. பிரகாசம் வருகிறார் என்று தெரிந்தால், இவள் கொடியை எடுப்பாள், வீட்டுக்காரர் பிரஷ்ஷை எடுப்பார். துருவெல்லாம் ஒரே நாளில் மறையும்.

இப்படியே காலம் போயிருக்கும். யாருடைய கவனக்குறைவாலோ ஒரு கப்பல் நிஜமாகவே கட்டப்பட்டுவிட்டது.

முன்பாதி இங்கே, பின்பாதி அங்கே. பின்பாதியைக் கடல் வழியாக இழுத்துக்கொண்டு வந்து இங்கே பற்றவைத்தார்கள். நட்பு நாடுகள் என்பதால் ஒருவர் ரகசியத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதில் இரண்டு பேருமே குறியாக இருந்தார்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஓர் இரும்பு அறை மிஞ்சியது. அது யாருக்கும் சொந்தமில்லை. அல்லது இரண்டு பேருக்கும் சொந்தம். நடு அறை என்றார்கள். அதற்கு ஒரே ஒரு கதவு, அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. சம அந்தஸ்துள்ள இரண்டு அதிகாரிகள் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் திறக்கும். அறைக்குள் என்ன வைப்பது என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. அதனால் அதில் ஒன்றும் இல்லை. ஜன்னல் இல்லை. காற்றாடி யார் நாட்டுக் காற்றாடி என்பது துணைக்குழுவில் இருந்ததால் அதுவும் இல்லை. காற்று வரவேண்டிய துளையைத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள்.

கப்பலை நட்புக்கு அர்ப்பணிக்கும் விழாவுக்கு முந்தின நாள் பிரகாசம் நடு அறையைப் பார்வையிட்டார். உள்ளே அடித்திருந்த சாம்பல் நிறம், விழாவுக்கு விருந்தாளியாக வரும் அந்த நட்பு நாட்டுக் கப்பல்களின் சாம்பல் பக்கம் கொஞ்சம் சாய்வதாக அவருக்குத் தோன்றியது. நடுநிலைச் சாம்பல் வேண்டும் என்றார். மறுநாள் காலையில் பெயிண்டர் ஒரு டப்பாவும் பிரஷ்ஷும் பேட்டரி விளக்கும் எடுத்துக்கொண்டு கப்பலின் நடைவழியில் வந்தபோது, கொடிக்காரி அந்தக் கதவின் இரண்டு பக்கமும் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கற கப்பலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கறீங்க. நம்ம வீட்டுக் கதவு பல்லை இளிச்சிட்டு நிக்குது" என்றாள்.

"இன்னைக்கு மிச்சமாகறதுல அடிச்சிடறேன்."

"போர்க்கப்பல் கலர்லயா?"

"நல்லதுதானே. எதிரி வந்தா வீடு இருக்கறதே தெரியாது."

"நம்ம வீட்டுக்கு வர்ற ஒரே எதிரி உங்க தம்பிதான். அவருக்குச் சோறு போடற நேரம் தெரியும். கதவு தெரிய வேண்டியதில்லை."

அவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கதவோரமாகக் கழற்றிவிட்டு உள்ளே போனார். செருப்போடு உள்ளே போனால் தரை கெட்டுவிடும் என்பது அவர் தொழில் நியமம். சுவர்களையும் தரையையும் முடித்துவிட்டு, கடைசியாகக் கதவின் உட்புறத்தை அடிக்க, கதவைத் தன் பக்கம் இழுத்துச் சாத்திக்கொண்டார்.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

யார் யாருக்கு முன்னால் நிற்பது என்று பார்த்துக்கொள்ளும் மரபு அதிகாரி ஒருவர் உண்டு. அவர் ஓடி வந்தார். பூட்டும் சடங்கு முதலில், உரைகள் பிறகு என்று நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் போட்டார். பின்னாலேயே பேண்டுக்காரர்கள். கதவோரம் கிடந்த செருப்பு மரபு அதிகாரியின் கண்ணில் பட்டது. இது படத்தில் வந்தால் இரண்டு நாட்டு உறவும் என்ன ஆகும் என்று முனகிக்கொண்டே, அதை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கும்படி கொடிக்காரியிடம் சொன்னார். அவள் எடுத்துக்கொண்டாள். வார் அறுந்து தான் தைத்துக் கொடுத்த செருப்பு. உள்ளே இருக்கிறாரே என்று வாயைத் திறப்பதற்குள் பேண்டு தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டது.

கீதம் வாசித்தால் அசையக் கூடாது. யார்டில் அத்தனை வருடப் பழக்கம் அது. கையும் காலும் தானாக நின்றுவிடும். முதலில் விருந்தாளி நாட்டு கீதம், அது நீளம். பிறகு நம் நாட்டு கீதம். இரண்டும் முடியும்வரை கொடிக்காரி, புருஷனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நெட்டுக்குத்தலாக நின்றாள். கீதம் நின்ற அதே நொடியில் அவள் கண்ணெதிரிலேயே இரண்டு அதிகாரிகளும் இரண்டு சாவிகளைத் திருப்பினார்கள்.

பிரகாசம் பேச ஆரம்பித்தார்.

"இந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஒன்றும் இல்லாத ஓர் அறையைக் காப்பதற்கே இரண்டு நாடுகள் இவ்வளவு உழைத்திருக்கின்றன. ஏதாவது இருந்திருந்தால் எவ்வளவு உழைத்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். வாய்ப்புகள் பிரகாசமாக உள்ளன."

கைதட்டல் அடங்கியபோது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

விருந்தாளிக் குழுவின் தலைவர் புருவத்தை உயர்த்தினார். அது எங்கள் தொழிலாளர்களின் ஆர்வம் என்று பிரகாசம் விளக்கினார். கொடிக்காரி மரபு அதிகாரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்."

"உள்ள யாரும் இருக்க அனுமதி இல்லையேம்மா."

"அனுமதி இல்லைதாங்க. ஆனா இருக்கார்."

"அப்படின்னா அது அத்துமீறல். ரெண்டு நாட்டுச் சொத்துல அத்துமீறல். சத்தமாச் சொல்லாதே, உங்க ரெண்டு பேருக்கும்தான் ஆபத்து" என்று அவர் அக்கறையோடு எச்சரித்தார்.

அவள் நேராக விருந்தாளித் தலைவரிடமே போய்விட்டாள். அவருக்கு இவள் மொழி தெரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றிருந்தார், நல்ல மனுஷர், முகமே சுருங்கிப்போயிருந்தது. நிரலில் இல்லாத விஷயத்தைத் தான் மொழிபெயர்க்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் நிரலில் சேருங்கள் என்றாள் இவள்.

"சேர்க்கணும்னா அவங்க சம்மதிக்கணும். சம்மதிக்கணும்னா அவங்களுக்குப் புரியணும். புரியணும்னா நான் மொழிபெயர்க்கணும்மா" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறு வழி தெரியாமல் கொடிக்காரி அந்தச் செருப்பைத் தலைவர் முன்னால் நீட்டிக் காட்டினாள். விருந்தாளித் தலைவர் நெகிழ்ந்துபோனார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, குனிந்து நன்றி சொல்லி, நினைவுப் பரிசுகளோடு வைக்கும்படி உதவியாளரிடம் கொடுத்தார். இவள் பாய்ந்து பிடுங்கினாள். கொடுத்த பரிசைத் திரும்பப் பிடுங்கினால் உறவு என்ன ஆவது என்று பிரகாசம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்த யார்டு வெல்டர் ஒருவர்தான், கதவைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, தொண்டையைத் தானே இரண்டு கையாலும் நெரித்துக் காட்டினார். அப்போதுதான் விருந்தாளித் தலைவருக்குப் புரிந்தது. சைகையை மொழிபெயர்க்கக் கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

வெல்டர் கேஸ் கட்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அறுத்துவிடலாம் என்றார். இந்தக் கதவை அறுப்பது நட்பை அறுப்பது என்று பிரகாசம் குறுக்கே நின்றார். கதவில் பாதி எங்களுடையது என்றார்கள் விருந்தாளிகள்.

"அப்போ நம்ம பாதியை மட்டும் அறுத்துக்கறேங்க" என்றார் வெல்டர்.

பாதி எதுவரை என்று இரு தரப்பும் அளந்து ஒப்புக்கொள்ளாமல் அறுக்க முடியாது என்றார் மரபு அதிகாரி. ஒரு செக்யூரிட்டியைக் கதவருகே நிறுத்தி, வெல்டர் கத்தக் கத்தக் கேஸ் கட்டரைப் பறித்து அப்புறப்படுத்தினார்கள். சாவியால் திறப்பதுதான் கௌரவம் என்று முடிவானது. நல்ல வேளை, முடிவு சீக்கிரம் வந்துவிட்டது என்று கொடிக்காரி நினைத்தாள். கதவோரம் உட்கார்ந்து, கைக்கு எட்டிய சாவித் துவாரத்தில் வாயை வைத்தாள்.

"அம்மா, அது அவங்க ஓட்டை. நம்ம ஓட்டையில பேசுங்க" என்றார் செக்யூரிட்டி.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க."

"யாரு, கொடிக்காரியா?" குரல் நூல் மாதிரி வந்தது. "என்ன அங்க, கல்யாண வீடு மாதிரி மேளம்?"

"திறக்கப் போறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எப்படி இருக்கு?"

"பெயிண்ட் வாடை. தலை லேசா சுத்துது. என் செருப்பு அங்க இருக்கா?"

"கையிலதான் வச்சிருக்கேன். நீங்க உக்காருங்க, நிக்காதீங்க."

"எங்க உக்காரறது? தரையும் அடிச்சாச்சு. நான் நிக்கற இடம் மட்டும்தான் பாக்கி."

"சுவத்துலயாவது சாஞ்சுக்கோங்களேன்."

"ஈரம். சாஞ்சா அச்சு விழும். திரும்ப அடிக்கச் சொல்வாங்க."

"விழுந்தா விழட்டுமே. சாஞ்சுக்கோங்க."

"பிரகாசம் பார்த்தா திட்டுவார். நீ சும்மா இரு. இப்ப வந்துடுவாங்கல்ல."

வந்திருப்பார்கள்தான். ஆனால் அன்று காலை சாவியைத் திருப்பிய மகிழ்ச்சியில், விருந்தாளி நாடு தன் சாவி அதிகாரிக்கு அங்கேயே பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அவர் தோளில் ஒரு நட்சத்திரம் கூடிவிட்டது. நம் சாவி அதிகாரி ஒரு நட்சத்திரம் குறைவு. சம அந்தஸ்து போய்விட்டது. அவரைத் திரும்ப இறக்க முடியுமா என்று கேட்டதற்கு, எங்கள் நாட்டில் யாரையும் இறக்கிப் பழக்கமில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் நம்மவரை ஏற்ற வேண்டியதுதான். ஏற்றுவதற்குக் காலி இடம் வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார்கள். அங்கே ஒரு மூத்த அதிகாரி மதியச் சாப்பாட்டில் இருந்தார். அவர் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

இந்தச் சந்தடியில் வெல்டர் கம்ப்ரசரிலிருந்து ஒரு காற்றுக் குழாயை இழுத்து வந்து, நம் பக்கத் துவாரத்தில் வைத்து உள்ளே காற்றைச் செலுத்தினார். கொடிக்காரி துவாரத்தில் காதை வைத்துக் கேட்டாள். "நல்லா இருக்கு, குளுகுளுன்னு இருக்கு" என்றார் உள்ளிருந்து அவர். அதற்குள் விருந்தாளிகள் பார்த்துவிட்டார்கள். அறைக்குள் எதை வைப்பது என்று பேசி முடிக்காதபோது, ஒரு தரப்பு மட்டும் தன் காற்றால் அறையை நிரப்புவது ஒப்பந்த மீறல் என்று அவர்கள் முறைப்படி ஆட்சேபித்தார்கள். பிரகாசம் பதறிப்போய்க் குழாயை எடுக்கச் சொன்னார். பிறகு இரண்டு நாட்டுக் காற்றையும் சம அளவில் செலுத்தலாமே என்று ஒரு நல்ல யோசனை வந்தது. அதற்கு ஒரு துணைக்குழு அமைந்தது. விருந்தாளி நாட்டுக் காற்றை எப்படித் தருவிப்பது என்பதில் அது நின்றுகொண்டிருந்தது.

"காத்து நின்னு போச்சே" என்றார் உள்ளிருந்து.

"ரெண்டு பக்கமிருந்தும் வரப்போகுதாம்" என்றாள் இவள். வேறு என்ன சொல்வாள்.

நட்சத்திரம் வந்து சேர்ந்தது. ஆனால் அதைச் சட்டைத் தோளில் தைக்க வேண்டும். யார்டில் தைக்கிறவள் ஒருத்திதான். நம் சாவி அதிகாரி அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, தோளைக் காட்டினார். அவள் ஊசியில் நூல் கோத்தாள். முதல் தையலே கோணலாக விழுந்தது. அவர் பெரிய மனுஷர், தையல் எதனால் கோணுகிறது என்று கேட்பார், ஏதாவது சொல்வார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"கொஞ்சம் நேராத் தைம்மா" என்றார் அவர். "போட்டோ எடுப்பாங்க."

தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இப்போது திறக்கலாமா என்று கேட்டாள்.

கொடி எங்கே என்றார் மரபு அதிகாரி. கொடியில்லாமல் மூடவில்லை, கொடியில்லாமல் எப்படித் திறப்பது? காலையில் கட்டிய கொடிகளை விருந்தாளிகள் நினைவுக்காக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக இரண்டு வேண்டும். நீ எவ்வளவு சீக்கிரம் தைக்கிறாயோ அவ்வளவு சீக்கிரம் கதவு திறக்கும், எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்றார். கிடங்கிலிருந்து துணியும் கத்தரிக்கோலும் வந்தன. அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, நம் பக்கத் துவாரத்துக்கு அருகே தலையை வைத்துக்கொண்டு, கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். உள்ளே அவர் ஒரு தட்டு தட்டினால், இவள் கத்தரிக்கோலால் ஒரு தட்டு தட்டுவாள். வீட்டுக்கு வரும்போது அவர் தட்டும் தட்டு அது. அதற்கு அவள், 'திறந்துதான் கிடக்கு' என்பாள். அன்றைக்கு அதைச் சொல்ல முடியவில்லை.

இரண்டு கொடியும் முடிந்தன. நாட்டுக்கு ஒருவராக மரபு அதிகாரிகள் இரண்டு பேர் அளக்க வந்தார்கள். அவரவர் கொடியை அவரவர் டேப்பால்தான் அளக்க வேண்டும். நம் டேப்பில் அங்குலம், அவர்கள் டேப்பில் சென்டிமீட்டர். கோடுகளுக்கு நடுவில் விழுந்தால் நாம் மேலே ஏற்றிச் சொல்வோம். அவர்கள் கீழே இறக்கிச் சொல்வார்கள். அவர்கள் கொடி குறைவு என்று தீர்ப்பானது. பிரித்துத் தைத்தாள். இப்போது நம் கொடி குறைவு. மறுபடி பிரித்தாள்.

"ஐயா, ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. சரியா இருக்கும்" என்றாள்.

இரண்டு அதிகாரிகளும் ஒரே குரலில் சிரித்தார்கள். அன்றைக்கு இரண்டு நாடும் முழுமையாக ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

"எதும்மா மேல, எதும்மா கீழ?" என்றார் நம்மவர்.

அவள் மறுபடி ஊசியை எடுத்தாள்.

"கொடிக்காரி" என்று கூப்பிட்டார் உள்ளே இருந்தவர். குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் முகத்தை ஒட்டி வைத்திருந்தார் போல.

"சொல்லுங்க."

"நம்ம வீட்டுக் கதவுக்கு இந்தக் கலர் வேணாம்."

"பின்ன?"

"நீ சொல்லு."

"பச்சை."

"பச்சையா." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. "பச்சைன்னா ரெண்டு கோட்டு அடிக்கணும். ஒரு கோட்டுல மூடாது."

"அடிங்க. என்ன அவசரம். நான் இருக்கேன்ல, டப்பாவைப் பிடிச்சுக்கறேன்."

பதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது. இவள் ஒரு தட்டு தட்டினாள். வெகு நேரம் கழித்து இன்னொன்று, நகத்தால் சுரண்டினது போல. இவள் தட்டினாள். பிறகு இவள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். பச்சை வேண்டாம் என்றால் மஞ்சள் அடிக்கலாமா என்று கேட்டாள். நீலம் என்றாள். அவருக்குப் பிடிக்காத நிறங்களையெல்லாம், சண்டைக்காவது வாயைத் திறப்பார் என்று, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கை தைத்துக்கொண்டே இருந்தது. எதையும் யோசிக்காமல் ஓரத்தை மடித்து மடித்துத் தைத்தது.

மேல் தளத்தில் பத்திரிகைக்காரர்கள் கூடியிருந்தார்கள். உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறாராமே என்று யாரோ கேட்டுவிட்டார்கள். பிரகாசம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இரண்டு நாடுகளும் ஒரு தொழிலாளியின் உயிருக்காகக் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஒத்துழைத்துக்கொண்டிருக்கின்றன என்றார். "அவரை உடனே வெளியே எடுத்திருந்தால் இந்த ஒத்துழைப்புக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது" என்றும் சொன்னார். விருந்தாளித் தலைவர் மைக்கை வாங்கினார். இது நிரலில் இருந்ததால் மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார்: "எங்கள் நாட்டில் இது நடந்திருந்தாலும் நாங்களும் திறந்திருக்க மாட்டோம். நம் நட்பின் அடித்தளம் இதுதான்."

மாலைச் செய்திக்கு நேரமாகிறது என்று யாரோ வந்து பிரகாசத்தின் காதில் சொன்னார்கள். அவர் கீழே இறங்கி வந்தார். அவர் வந்து நின்றதும் இரண்டு டேப்பும் ஒரே அளவைக் காட்டின.

கதவின் இரண்டு பக்கமும் கொடிகள் ஏறின. நட்சத்திரங்கள் சமமாக இருந்த இரண்டு அதிகாரிகளும் முன்னால் வந்து, ஒரே நேரத்தில் சாவியைத் திருப்பினார்கள். கதவு ஓர் ஒட்டுச் சத்தத்தோடு விலகியது. பெயிண்ட் வாடை நடைவழி முழுவதும் பரவியது. அதே நொடியில் பேண்டு ஆரம்பித்துவிட்டது. முதலில் விருந்தாளி நாட்டு கீதம்.

எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். பிரகாசம், மரபு அதிகாரிகள், சாவியைப் பிடித்த கையோடு சாவி அதிகாரிகள், மொழிபெயர்ப்பாளர், செக்யூரிட்டி. வெல்டர்கூட, கேஸ் கட்டரைப் பறித்தபோது கத்தின அந்த வெல்டர்கூட, பழக்கதோஷத்தில் நின்றுவிட்டார். கண்ணிலிருந்து மட்டும் வழிந்தது. கொடிக்காரி எழுந்தாள். மடியிலிருந்து நூல் கண்டு உருண்டு யார் காலிலோ போய் முட்டியது. அவள் நடந்து உள்ளே போனாள்.

பேட்டரி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சுவர்கள் நான்கும் கண்ணாடி போலிருந்தன, ஒரு கீறல் இல்லை. கதவடியில், பெயிண்ட் படாமல் விட்டிருந்த ஓர் ஆள் நிற்கும் இடத்துக்குள்ளேயே, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தார். தரையைக்கூட அவர் கெடுக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கன்னம் முழுக்கச் சாம்பல் நிறம். வலது உள்ளங்கையும் அப்படியே. கீதம் முடிந்தது. நம் நாட்டு கீதம் ஆரம்பித்தது. அதுவும் முடியும்வரை அவளும் அவரும் மட்டும் அந்த அறைக்குள் இருந்தார்கள்.

அவரை வெளியே கொண்டுபோகும்போது மேலே எந்தக் கொடியைப் போர்த்துவது என்ற கேள்வி எழுந்தது. சுவாசம் நின்றது கதவின் எந்தப் பாதிக்கு நேராக என்று பார்த்து முடிவு செய்யலாம் என்றார் மரபு அதிகாரி. கொடிக்காரி எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வெல்டர் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

கதவு வெற்றிகரமாகத் திறக்கப்பட்டது என்று கூட்டறிக்கை வெளியானது. திறந்த கதவைத் திரும்பப் பூட்டினார்கள். பூட்டும்போது கதவின் உட்புறத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. நம் பக்கச் சாவித் துவாரத்தை ஒட்டி, ஒரு கன்னமும் ஓர் உள்ளங்கையும் பதிந்த அச்சு. மற்ற இடமெல்லாம் தரமாக இருக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் வேலை சரியில்லை என்று பார்வையிட்ட குழு சொன்னது. திரும்ப அடிக்க வேண்டும். அடிக்க வேண்டுமானால் திறக்க வேண்டும். ஆனால் திறந்த மகிழ்ச்சியில் விருந்தாளி நாடு தன் சாவி அதிகாரியை இன்னும் ஒரு படி உயர்த்திவிட்டது. இங்கே காலி இடம் இல்லை. விஷயம் அப்படியே நிற்கிறது. கப்பலும் அப்படியே துறையில் கட்டிக் கிடக்கிறது.

முன்னால் அந்த அறையில் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. இரண்டு நாடுகளும் இரண்டு பூட்டுப் போட்டு அதைக் காத்துவருகின்றன. வாய்ப்புகள் பிரகாசமாக உள்ளன.

விழா நாட்களில் கொடி கட்ட ஆள் வேண்டும். கொடிக்காரி போகிறாள். இரண்டு பக்கமும் கட்டி முடித்துவிட்டு, கதவோரம் உட்கார்ந்து, எந்தத் துவாரம் என்று யாரும் சொல்லாமலே நம் பக்கத் துவாரத்தில் வாயை வைக்கிறாள். அந்தச் செக்யூரிட்டி அப்போது கடல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். போன தடவை அவள் விரலிடுக்கில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே, ஏதோ வாசல் கதவைத் தட்டியவருக்குப் பதில் சொல்வது போல, மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டு கோட்டு அடிச்சாச்சுங்க. திறந்துதான் கிடக்கு."